எந்தத் தெரு?

பொதிகை எக்ஸ்பிரஸில் தெற்கே போகிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. இரவு முழுவதும் தூங்கிவிட்டுக் கண் விழித்தால், சென்னையின் கட்டடங்கள் இருந்த இடத்தில் வெட்டவெளி விரிந்து கிடக்கும்; அதற்கு அப்பால் மேற்கே மலை நிற்கும். சிவகாசியைத் தாண்டிவிட்டால் அந்த மலையே நம்மை எதிர்கொண்டு அழைக்க நெருங்கி வருவது போலத் தோன்றும்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஒரு விடியற்காலையில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார். அவர் ராஜபாளையத்தில் பிறந்தவர். முப்பத்தெட்டு வருஷம் சென்னையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஊரில் பூர்விக வீடு பூட்டிக் கிடக்கிறது. அதைப் பழுது பார்த்துக் குடியேறுவதா, விற்றுவிட்டுச் சென்னையிலேயே இருந்துவிடுவதா என்று தீர்மானம் செய்யப் புறப்பட்டிருந்தார். துணைக்கு என்னையும் அழைத்திருந்தார்.

"மிச்சம் இருக்கிற நாளை எங்கே கழிக்கிறது? ஊரிலா, பட்டணத்திலா? நீங்க கதை எழுதுறவர். எத்தனையோ பேருக்கு ஒரு முடிவு சொல்லியிருக்கீங்க. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

கதையில் வருகிறவர்களுக்கு முடிவு சொல்வது எளிது. அவர்கள் நாளைக்கு வந்து, "உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்" என்று சொல்லப் போவதில்லை. ரத்தமும் சதையுமான நண்பருக்குச் சொல்வது வேறு. அதனால், "ஊர் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன்" என்று தட்டிக் கழித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அன்றைக்கு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'கெட்டும் பட்டணம் சேர்' என்று நம்மவர்கள் ஒரு பழமொழி சொல்லிவைத்தார்கள். வாழ்ந்து கெட்டவன் தன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பட்டணத்தில் அவன் கெட்டது யாருக்கும் தெரியாது. பிழைக்கவும் வழி கிடைக்கும் என்பது அதன் கருத்து. கிராமத்தின் பெருமையைப் பாடுகிறவர்களும் நம்மிடையே ஏராளம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களைப் பற்றித்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாடவும் ஆள் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. ஆனால் நம் தமிழ்நாட்டு மத்தியதரக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் வேர் இத்தகைய நடுத்தர ஊர்களில்தான் இருக்கிறது.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்படிப்பட்டவை. 2011 ஜனத்தொகைக் கணக்கில் முன்னதில் சுமார் 1,30,000 பேர். பின்னதில் சுமார் 75,000 பேர். சென்னையின் 46 லட்சத்தோடு ஒப்பிட்டால் இவை இரண்டு பேட்டைகள். கிராமத்தோடு ஒப்பிட்டால் பெரிய பட்டணங்கள். இரண்டுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர்தான். ஒரே மலையின் அடிவாரம், ஒரே வெயில். ஆனாலும் அக்காளும் தங்கையும் போலச் சுபாவத்தில் வேறு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலால் வளர்ந்த ஊர். பதினோரு நிலைக் கோபுரம் ஒன்று தலைக்கு மேலே நிற்க, ஊர் அதன் காலடியில் பால்கோவா கிண்டிக்கொண்டு நிதானமாக இருக்கிறது. அந்தப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ராஜபாளையம் ஆலையால் வளர்ந்த ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்லும், அதற்குப் பின்னால் வந்த ஆலைகளும் அங்கே பஞ்சை நூலாக்கின. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி தேசமெங்கும் ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறது.

இத்தகைய ஊரில் வாழ்வதில் என்ன லாபம்?

முதல் லாபம் கால்களுக்கு. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போய்விடலாம். சென்னையில் ஒரு மனிதன் ஆபீஸுக்குப் போய் வருவதிலேயே ஆயுளில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறான். இங்கே அந்தப் பங்கு அவனுக்கே மிச்சமாகிறது. அதை அவன் என்ன செய்கிறான் என்பது வேறு விஷயம். பெரும்பாலும் டீக்கடை வாசலில் செலவழிக்கிறான். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது லாபம் கண்களுக்கு. சாயங்காலம் மாடியில் நின்றால் மலை தெரியும். அந்தக் காட்டின் சாம்பல் நிற அணிலுக்கென்று 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் மேகமலையோடு சேர்த்து அதைப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கினார்கள். புலி உலவும் காட்டைப் பார்த்தபடி வீட்டு மாடியில் நின்று துணி உலர்த்தும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனால் இவை எல்லாம் சின்ன லாபங்கள். பெரிய லாபம் வேறொன்று இருக்கிறது. இந்த அளவுள்ள ஊரில் ஒரு மனிதன் செய்த காரியம் கண்ணுக்குத் தெரிகிறது.

பி.எஸ். குமாரசாமி ராஜாவை நினைத்துப் பாருங்கள். 1898-இல் ராஜபாளையத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்தார். பிறகு ஒரிஸாவின் கவர்னராகவும் இருந்தார். தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்டார். அது காந்தி கலை மன்றமாயிற்று. சென்னையில் யாராவது ஒரு வீட்டைத் தானம் செய்தால், அடுத்த தெருக்காரனுக்குக்கூட அது தெரிவதில்லை. ராஜபாளையத்தில் அந்த மன்றத்தைக் கடந்து போகும் பையனிடம் அவன் தாத்தாவோ பாட்டியோ, "இது ராஜா குடியிருந்த வீடு" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒரு நல்ல காரியம் மறுபடி மறுபடி சொல்லப்பட்டு அடுத்த தலைமுறைக்குப் பாடமாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை எண்ணிவிடலாம். அப்போதே நூலகம் வைக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியதே, அதுதான் ஆச்சரியம்!

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணான ஆண்டாளின் கதையைப் பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்த மால்யத' என்ற தெலுங்குக் காவியமாகப் பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்து அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா. தெலுங்கு பேசும் குடும்பங்கள் வந்து குடியேறி வளர்த்த ஊர் அது. பக்கத்து ஊர்ப் பெண் தேசமெல்லாம் சுற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் கைப்பிடித்துத் தாய்வீடு வந்து சேர்ந்த மாதிரி இல்லையா? இப்படி அமைதியாக உட்கார்ந்து ஒரு காரியத்தில் ஆயுளைச் செலவிட நடுத்தர ஊர் இடம் கொடுக்கிறது.

சரி, நஷ்டம்?

அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசத்துக்கெல்லாம் பேண்டேஜ் துணி அனுப்பும் சீமையில் பெரிய வியாதி என்று வந்துவிட்டால், மதுரைக்கு இரண்டு மணி நேரம் போல வண்டி ஓட்டவேண்டியிருக்கிறது. மாரடைப்பு இரண்டு மணி நேரம் காத்திருக்குமா? படித்த பிள்ளைகளுக்குத் தகுந்த உத்தியோகம் ஊரில் குறைவு. அவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து, பெட்டியில் பால்கோவா கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். ஊரில் மிஞ்சுவது பெரும்பாலும் என் நண்பரைப் போன்றவர்களும், அவர்களைக் காத்துக்கிடக்கும் பூட்டிய வீடுகளும்.

இவற்றுக்கெல்லாம் நாளாவட்டத்தில் பரிகாரம் காணலாம். ஆஸ்பத்திரி கட்டலாம், தொழில் தொடங்கலாம். பரிகாரம் காண முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'நாலு பேர்'.

நாலு பேர் என்ன சொல்வார்கள்? இந்த நாலு பேரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இவர்களுக்குப் பயப்படாத குடும்பம் ஊரில் கிடையாது. பெண் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் நாலு பேர் கேட்பார்கள். பையன் சம்பந்தமில்லாத ஒரு தெருவில் இரண்டு தடவை நடந்தால் நாலு பேர் சொல்வார்கள். கணவனை இழந்த பெண் பூப்போட்ட புடவை உடுத்தினால் நாலு பேர் பார்ப்பார்கள். ராஜபாளையத்து நாய் பிரசித்தமானது. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் அதற்குத் தபால்தலைகூட வெளியிட்டார்கள். தன் வீட்டுக்காரர் யார், அந்நியர் யார் என்று அதற்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடுமாம். ஊருக்கும் அந்த மோப்ப சக்தி உண்டு. வித்தியாசம் என்னவென்றால், நாய் அந்நியரைப் பார்த்துத்தான் குரைக்கும்.

ரயிலில் நண்பர் தம் மகனைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவின் நடுப்பகுதியில் அயோவா என்றொரு ராஜ்யம். அதன் தலைநகரம் டெ மாய்ன். ஜனத்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அங்கேதான் மகன் இருக்கிறான். "நியூயார்க் மாதிரி நெரிசல் இல்லை, அப்பா. பதினைந்து நிமிஷத்தில் ஆபீஸ். வீட்டு வாடகையும் மலிவு. நடுத்தர ஊர்தான் சுகம்" என்று எழுதுவானாம்.

"அப்படியானால் ராஜபாளையத்துக்கே வந்துவிடேன் என்று கேட்டேன். 'இங்கே என்னை யாருக்கும் தெரியாது, அப்பா. அதனால்தான் நிம்மதி' என்கிறான். நானும் போய் ஆறு மாதம் இருந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தினம் கை அசைப்பார். ஆறு மாதமும் கை அசைப்புத்தான். ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அன்றைக்கு அசைக்கக் கை இல்லை. அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ!" என்று சிரித்தார். சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

அதே அமெரிக்க நடுப்பகுதியின் சின்ன ஊர் ஒன்றை வைத்து சிங்க்ளேர் லூயிஸ் 1920-இல் 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற நாவலை எழுதினார். படித்த பெண் ஒருத்தி ஒரு டாக்டரை மணந்து அந்த ஊருக்கு வருகிறாள். ஊரைத் திருத்த நினைக்கிறாள். ஊர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பொறுக்க முடியாமல் வாஷிங்டனுக்குப் போகிறாள். கடைசியில் திரும்பி வந்துவிடுகிறாள். தாம் பிறந்த ஸாக் சென்டர் என்ற ஊரைத்தான் லூயிஸ் அப்படிக் குத்திக் காட்டினார். ஊராருக்கு முதலில் கோபம் வந்தது. பிற்காலத்தில் அதே ஊரார், 'அசல் மெயின் ஸ்ட்ரீட் இதுதான்' என்று தங்கள் தெருவுக்குப் பெருமையோடு பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஆக, நாலு பேர் எந்தத் தேசத்திலும் இருக்கிறார்கள்.

இதுவரை நான் சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால் வாசகர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். இத்தகைய ஊரின் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றேதான். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். குமாரசாமி ராஜாவின் கொடையை மறக்காத ஊர்தான் அடுத்த வீட்டுப் பெண்ணின் புடவையையும் மறப்பதில்லை. நாம் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவருகிற கைதான், நாம் தடுமாறினால் சுட்டிக் காட்டவும் நீளுகிறது. கஞ்சி வேண்டும், விரல் வேண்டாம் என்றால் நடக்காது. நண்பருக்கு இதைச் சொல்லி, "இரண்டையும் ஏற்றுக்கொள்ளத் தயாரானால் ஊருக்கு வாருங்கள்" என்று முடித்துவிடலாம். அழகான முடிவு, யாருக்கும் மனம் நோகாது.

ஆனால் அப்போது எனக்கு வேறொருவன் ஞாபகம் வந்தான்.

சென்னையில் என் புத்தகம் ஒன்று அச்சானபோது புரூப் திருத்திய இளைஞன் அவன். சொந்த ஊர் எங்கள் ரயில் போகும் பாதையில், இந்தப் பக்கத்தில்தான். கெட்டிக்காரன். என் வாக்கியத்தில் இருந்த பிழையை எனக்கே பணிவோடு எடுத்துக் காட்டியவன். ஒரு நாள் அவனிடம், "ஊர் ஞாபகம் வருமா, தம்பி?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

"மலை ஞாபகம் வரும், சார். அம்மா ஞாபகம் வரும். ஊருக்குள்ளே யாரைப் பார்த்தாலும் முதல்ல பேரைக் கேட்பாங்க. அடுத்தாப்பல 'எந்தத் தெரு?'ன்னு கேட்பாங்க. தெருவைச் சொன்னதும் முகம் மாறும். இங்கே நாலு வருஷமாச்சு. வாடகைக்கு வீடு தேடினப்போதான் சுத்தி வளைச்சுக் கேட்டாங்க. மத்தபடி யாரும் கேட்கலை. எனக்கு அது போதும், சார்."

இந்தக் கேள்வி இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் உரியது அன்று; நம் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. கேட்கிறவருக்கு முகவரி வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது ஜாதி. அதை நேராகக் கேட்பது அநாகரிகம் என்பதனால் தெருவைக் கேட்கிறார். லூயிஸ் எழுதிய ஊரில், ஒருத்தி என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் வம்பு பேசினார்கள். நம் ஊரில் ஒருவன் எதுவும் செய்வதற்கு முன்பே, எந்தத் தெருவில் பிறந்தான் என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பது எனக்கும் என் நண்பருக்கும் நிழல். அந்தப் பையனுக்கு அதுவே வெயில். 'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழிக்கு அவனைப் போன்றவர்கள் புது அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கெட்டுப்போய்ப் பட்டணம் சேரவில்லை. மனிதனாக மட்டும் இருப்பதற்காகச் சேருகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தை ரயில் நெருங்கிக்கொண்டிருந்தபோது நண்பரிடம் இதைச் சொன்னேன். தூரத்தில் கோபுரம் தெரிந்தது. அவர் வழக்கம்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபுரத்தின் கீழே இருக்கும் பெண்ணின் கதை எனக்கு அன்றைக்குப் புதிதாகப் பட்டது.

பெரியாழ்வார் நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் ஒரு குழந்தை கிடந்தது என்கிறது ஐதிகம். யார் பெற்ற குழந்தை? யாருக்கும் தெரியாது. 'எந்தத் தெரு?' என்று கேட்டால் அந்தக் குழந்தையிடம் பதில் இல்லை. பெரியாழ்வாரும் கேட்கவில்லை, எடுத்து வளர்த்தார். வளர்ந்த பெண் என்ன செய்தாள்? பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையைத் தானே சூடி அழகு பார்த்தாள். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? நல்ல மனிதரான பெரியாழ்வாரே பதறிப்போய் வேறு மாலை கட்டினாராம். ஆனால் அவள் சூடிக் களைந்ததுதான் எனக்கு வேண்டும் என்று பெருமாள் கனவில் சொன்னார் என்பது கதை. இன்றைக்கும் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்கு அழகருக்குப் போகிறது. பிறப்புத் தெரியாத ஒரு பெண், ஊர் வழக்கத்தை மீறிச் சூடிய மாலைக்குத் தேசமெங்கும் இவ்வளவு மரியாதை! அவளைத் தேரில் வைத்து இழுக்கிற நாம், தேரை விட்டு இறங்கியதும் பக்கத்தில் நிற்பவனிடம் தெருவைக் கேட்கிறோம்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்பிய பிறகு, "நானும் கேட்டிருக்கேன்" என்றார். "கெட்ட எண்ணத்தோடு கேட்டதில்லை. பழக்கம். எங்க அப்பா கேட்பார், நானும் கேட்பேன். சென்னைக்குப் போனப்புறம் அந்தப் பழக்கம் தானா விட்டுப்போச்சு. அங்கே அதுக்கு அவசியம் வரலை. விட்டுப்போச்சுங்கிறதே இப்போ நீங்க சொன்ன பிறகுதான் தெரியுது."

அவர் அதை ஒப்புக்கொண்டதும், என் மனத்தில் இருந்த சிக்கல் கொஞ்சம் தளர்ந்தது. "அப்படியானால் ஊருக்கு வாருங்கள்" என்றேன்.

பட்டணம் நமக்கு அன்பைக் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் அது தன்னையறியாமல் ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. கேட்க வேண்டாத கேள்வியைக் கேட்காமல் இருக்கும் பழக்கம் அது. பட்டணம் அதை அலட்சியத்தால் செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் யாரானால் என்ன என்று கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்தக் கேளாமையை ஊரின் அன்போடு சேர்த்தால் என்ன? காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு போக வேண்டும். எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்று பார்க்கக் கூடாது. முப்பத்தெட்டு வருஷம் பட்டணத்தில் இருந்து திரும்புகிறவர்கள் சேமிப்பையும், பென்ஷனையும், முழங்கால் வலியையும் மட்டும் கொண்டுவந்தால் ஊருக்கு என்ன பிரயோஜனம்? இந்தப் பழக்கத்தையும் கொண்டுவரலாம். பெரிய ஊரில் ஒருவர் கேட்காமல் இருப்பது யாருக்கும் தெரியாது. ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் அது தெரியும். நல்ல காரியம் கண்ணுக்குத் தெரிவது இத்தகைய ஊரின் லாபம் என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா?

இதனால் அந்தப் புரூப் திருத்தும் பையன் நாளைக்கே ஊர் திரும்பிவிடுவான் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வா என்று அவனை அழைக்கும் உரிமையும் எனக்கு இல்லை. அவன் வரலாம், வராமலும் இருக்கலாம். அவன் வந்தால் நிற்பதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். அதைத் தயார் செய்ய வேண்டிய கடமை ஊரில் இருப்பவர்களுக்கும், ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் உண்டு.

ராஜபாளையத்தில் இறங்கினோம். ஆட்டோ ஓட்டிய பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "எங்கே போகணும், தாத்தா?" என்றான். நண்பர் வழி சொன்னார். வண்டி கிளம்பியது. பஞ்சு மார்க்கெட் பக்கம் திரும்பும்போது, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டார். பையன் பேரைச் சொன்னான்.

அடுத்த கேள்வி அவர் நாக்கின் நுனியில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. ஐம்பது வருஷத்துப் பழக்கம். ஊர் மண்ணை மிதித்ததும் தானாகவே எழுந்து வந்துவிட்டது. ஜன்னல் இல்லாத வண்டியில் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நண்பர் ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தார்.

"காலையிலே ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டார்.